எஞ்சின் எழுதிய குறிப்பை அழிக்கலாமா?

மோட்டார்க் கார் வைத்திருக்கும் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு சிறு கருவி இடம்பிடித்து வருகின்றது. தீப்பெட்டியிலும் சற்றே பெரிதான இதனைச் சுக்கானுக்குக் கீழேயுள்ள ஒரு துளைத் தொகுதியிற் செருகிக் கைத்தொலைபேசியுடன் இணைத்தால், எஞ்சினின் நோயைக் குறியெண்ணாக எழுதிக் காட்டுகின்றது. கராஜ்காரர் இதனை ஸ்கானர் என்பர். சாரதியின் முன்னுள்ள மானிப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்து கொண்டிருக்கையில், இக்கருவியின் அழிப்புப் பொத்தானை ஒருமுறை அமுக்கினாற் போதும், விளக்கு அணைந்துவிடுகின்றது. வண்டி திருந்திவிட்டதென்று மனநிறைவு கொள்வோர் பலர். அணைத்த கையோடு வண்டியை விற்றுவிடுவோரும் உளர்.

அந்தப் பொத்தானை அமுக்கும்போது உண்மையில் நடைபெறுவது யாது, அதனை எப்பொழுது அமுக்கலாம், எப்பொழுது அமுக்குதல் ஆகாது என்பவற்றையே இங்கு ஆராய விரும்புகின்றோம். இயந்திர நுட்பம் தெரியாத குடும்பத் தலைவிக்கும், பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவருக்கும் இது பயன்படும் என்பது எமது எண்ணம்.

பனியல்ல, புகை

அந்த மஞ்சள் விளக்கு வண்டிக்குள் ஏன் வந்தது என்பதை அறிந்தாலன்றி அதன் சொல்லை விளங்கிக்கொள்ள முடியாது. அதற்கு நாம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குச் செல்லவேண்டும்.

1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரிக்கும் மூடுபனி போன்ற ஒன்று சூழ்ந்தது. யுத்த காலமாதலால், ஜப்பானியர் நச்சுவாயுத் தாக்குதல் நடத்திவிட்டனர் என்றுகூடச் சிலர் அஞ்சினர். யுத்தம் முடிந்த பின்னரும் அந்தப் புகை நகரை விட்டு நீங்கவில்லை. அதன் இரகசியத்தை 1950களின் தொடக்கத்தில் வெளிப்படுத்தியவர் ஹாகன் ஸ்மிட் என்னும் விஞ்ஞானி. ஒல்லாந்தில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய இவர், அதற்கு முன்னர் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்தவர். பழத்தின் வாசனையைப் பிரித்தறிந்த அதே முறைகளைக் கொண்டு நகரத்தின் துர்வாசனையையும் பிரித்தறிந்தார் என்பது வியப்புக்குரியது. மோட்டார் வண்டிகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் சேர்ந்து தாக்கமுற்று அந்தக் கண் எரிக்கும் புகையை உண்டாக்குகின்றன என்று அவர் நிலைநாட்டினார். 1967 இல் கலிபோர்னியாவில் வளிவள சபை அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவரும் அவரே.

1975 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் ஊக்கி மாற்றி என்னும் உறுப்புப் பரவலாகப் பொருத்தப்பட்டது. கராஜ்களில் இதனைக் கட்டலிட்டிக் கொன்வேட்டர் என்பர். தேன்கூடு போன்ற பீங்கானின் நுண்துளைகளிற் பிளாட்டினம், பலேடியம், உரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மென்படலமாகப் பூசப்பட்டிருக்கும். நச்சு வாயுக்கள் அவற்றினூடே செல்லும்போது நீராவியாகவும் காபனீரொட்சைட்டாகவும் நைதரசனாகவும் மாறுகின்றன. பிற்காலத்தில் வந்த மும்முனை ஊக்கி இம்மாற்றம் மூன்றையும் ஒருங்கே செய்ய வல்லது. ஆயின் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏறத்தாழ 14.7 கிராம் வளிக்கு 1 கிராம் பெற்றோல் என்ற விகிதத்தில் எஞ்சின் எரிய வேண்டும். சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ ஊக்கி தன் வேலையிற் பாதியை மறந்துவிடுகின்றது.

பழைய காபரேற்றரால் இவ்வளவு நுட்பமாக அளந்து கொடுக்க இயலாது. ஆகவே புகைக்குழாயில் ஒட்சிசனை முகர்ந்து பார்க்கும் உணரி ஒன்றும், அதன் சொற்கேட்டுப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் கணினி ஒன்றும் காருக்குள் வந்து சேர்ந்தன. சுவீடன் நாட்டின் வொல்வோ நிறுவனம் 1976 இல் கலிபோர்னியாவுக்கென இத்தகைய உணரி பூட்டிய காரை வெளியிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. ஒட்சிசன் உணரி பழுதானாலும், ஊக்கி செயலிழந்தாலும் வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சாரதிக்கு எந்தக் குறையும் தோன்றாது. பின்னால் வருபவரின் நுரையீரலுக்கே தோன்றும். ஆகவே, சாரதியின் புலனுக்கு எட்டாத பழுதை அவருக்கு அறிவிக்க ஒரு விளக்கு வேண்டுமெனக் கலிபோர்னியா விதித்தது. 1988 ஆம் ஆண்டு மாதிரிகளுடன் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. "வண்டி நன்றாகத்தானே ஓடுகின்றது, விளக்குக்கு மட்டும் என்ன வந்தது?" என்று சலித்துக்கொள்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். நன்றாக ஓடும் வண்டியிலுள்ள பழுதைச் சொல்லவே அவ்விளக்குப் பிறந்தது.

அக்காலத்தில் ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு மொழியிற் பேசிற்று. செருகும் துளைகளும் வேறு வேறு. பல கார்களில் இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டுகின்றது என்று எண்ணிக் குறியை அறிய வேண்டியிருந்தது. தந்திச் செய்தியை வாசிப்பதுபோல இதனை வாசித்த பழைய மெக்கானிக்குகள் நம் நாட்டிலும் இருக்கின்றனர். கருவி எதுவுமின்றிக் காதிதழ்க் கவ்வி ஒன்றினாலேயே இவ்வளவையும் செய்த அவர்களின் திறமைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

இந்தக் குழப்பம் தீர்ந்தது ஓ.பி.டி. இரண்டு என்னும் பொது விதியால். 1994 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து படிப்படியாக வந்து, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. 16 முனைகள் கொண்ட ஒரே வடிவான துளைத் தொகுதி, ஒரே வகையான குறியெண்கள், எவர் செய்த கருவியாலும் எவர் செய்த காரையும் வாசிக்கும் வசதி ஆகியன அதனால் உண்டாயின. ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001 இல் இதே வழியைப் பின்பற்றிற்று. ஜப்பானும் பின்னர் தன் நாட்டுக் கார்களுக்கு இதை ஒத்த விதியொன்றை அமைத்துக்கொண்டது. எனினும் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டு இலங்கைக்கு வந்த பழைய கார்கள் சிலவற்றில் 16 முனைத் துளை இருந்தும், மலிவான ஸ்கானருக்கு அவை வாய் திறப்பதில்லை. அதற்காகக் கருவியைக் குறைகூறிப் பயனில்லை.

குறியெண்ணை வாசித்தல்

ஒரு குறியில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் உண்டு. எழுத்து, பழுது எப்பகுதியில் உள்ளது என்பதைக் காட்டும். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பவர்ட்ரெயின் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெறுகின்றன. காரின் உடற்பகுதி பொடி என்பதன் முதலெழுத்தைப் பெறுகின்றது. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' ஆகிவிடுவது நமது நெடுங்கணக்கின் சங்கடம். இக்கட்டுரையில் வருபவை யாவும் எஞ்சின் பக்கத்துப் 'பி' என்று வாசகர்கள் கொள்வார்களாக.

அடுத்து வரும் இலக்கம் 0 ஆயின் அது எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான குறி. 1 ஆயின் அந்தக் கம்பனி தனக்கென வகுத்துக்கொண்டது. மூன்றாம் இடத்தில் 1 அல்லது 2 வந்தால் வளியும் எரிபொருளும் சார்ந்த குறை. 3 வந்தால் தீப்பொறி சார்ந்தது. 4 வந்தால் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள். 7 வந்தால் கியர்ப்பெட்டி. எனவே பி 0302 என்று கண்டால், 3 என்பது தீப்பொறி, ஈற்றிலுள்ள 2 என்பது இரண்டாம் சிலிண்டர். இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்று ஒரு மாணவன்கூட வாசித்துவிடலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. குறியெண் நோயின் பெயரன்று; நோயாளி சொல்லும் முறைப்பாடு மட்டுமே. "தலை வலிக்கின்றது" என்று ஒருவர் கூறினால், கண்ணாடி மாற்ற வேண்டுமா, காய்ச்சலா, இரவில் நித்திரை இல்லையா என்பதை வைத்தியர் அல்லவா அறிய வேண்டும்? பி 0420 என்ற குறியைக் கண்டதும் ஒட்சிசன் உணரியை மாற்றிவிடும்படி சொல்லும் கராஜ்கள் பல உண்டு. உணரி மாறுகின்றது, காசு போகின்றது, சில நாள்களில் அதே குறி மீண்டும் வருகின்றது. ஏனெனில் ஊக்கி தன் வேலையைப் போதிய அளவு செய்யவில்லை என்பதே அக்குறியின் பொருள். புகைக்குழாயில் வெடிப்பு இருக்கலாம். எஞ்சின் ஒயிலை எரித்து அது ஊக்கியின் மேற் படிந்திருக்கலாம். உண்மையிலேயே ஊக்கியின் ஆயுள் முடிந்திருக்கலாம். சில வண்டிகளில் அதன் உள்ளீட்டை முன்னைய சொந்தக்காரர் உலோக விலைக்காக எடுத்து விற்றுவிட்டு வெறும் கூட்டை மட்டும் விட்டுவைத்திருப்பதும் உண்டு. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதுபோல, பெரும்பாலும் குற்றமற்ற உணரியே இங்கு கழற்றி எறியப்படுகின்றது.

கணினி அவசரப்படுவதில்லை

விளக்கை ஏற்றுவதற்கு முன்னர் எஞ்சின் கணினி நிதானமாக யோசிக்கின்றது. பெரும்பாலான பழுதுகளை அது முதன்முறை கண்டதும் ஐயத்துக்குரிய குறியாகத் தன்னுள் எழுதி வைத்துக்கொள்ளும். விளக்கு எரியாது. மறுமுறை எஞ்சினை இயக்கி ஓடும்போதும் அதே பழுது தோன்றினாலே விளக்கு எரியும். அதன் பின்னர் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தோன்றாவிடின் விளக்கு தானாகவே அணைந்துவிடும். எழுதப்பட்ட குறியோ, எஞ்சின் 40 முறை குளிர்ந்து மீண்டும் சூடேறும் வரை நினைவில் இருந்து பின்னர் தானாகவே மறையும். அதாவது, பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால் நாம் எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டியதில்லை. இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுமாயின் நிலைமை வேறு. சிலிண்டர் ஒன்றில் எரிதல் அடிக்கடி தவறி, எரியாத பெற்றோல் புகைக்குழாயினுட் சென்று ஊக்கிக்குள் எரிகின்றது என்பது அதன் பொருள். அந்த வெப்பத்தில் ஊக்கியின் பீங்கான் உருகவும் கூடும். ஒரு பிளக்கின் விலையோடு முடிந்திருக்கக் கூடிய செலவு, அதனைப் போலப் பன்மடங்கு விலையுள்ள உறுப்பைத் தின்றுவிடுகின்றது. மின்னும் விளக்கோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படுபவரை நாம் துணிச்சற்காரர் என்று புகழமாட்டோம். வேகத்தைக் குறைத்து, அண்மையிலுள்ள பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை.

அழித்தால் அழிவது எது?

விளக்கு எரியும் கணத்தில் கணினி இன்னொரு காரியமும் செய்கின்றது. பழுது நேர்ந்தபோது வண்டி என்ன வேகத்திற் சென்றது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழன்றது, எஞ்சினின் சுமை எவ்வளவு, குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை யாது, பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுத்துக்கொண்டிருந்தது என்பவற்றையெல்லாம் ஒரு நிழற்படம் பிடித்ததுபோலச் சேமித்து வைக்கின்றது. இதனை உறைநிலைப் பதிவு எனலாம். குற்றம் நடந்த இடத்தைப் பொலிசார் படம் பிடிப்பதற்கு ஒப்பானது இது.

இதன் அருமையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பி 0171 என்ற குறி, எஞ்சினுக்கு வளி மிகுந்து பெற்றோல் குறைகின்றது எனச் சொல்லும். காரணம் ஒன்றல்ல. வளிக்குழாய் ஒன்று வெடித்து, கணக்கில் வராத வளி உள்ளே நுழையலாம். அல்லது பெற்றோல் பம்பு தளர்ந்திருக்கலாம். முன்னதற்குச் சில நூறு ரூபாய்க் குழாய் போதும். பின்னதற்குப் பெரும் தொகை வேண்டும். எது என்று எப்படி அறிவது? உறைநிலைப் பதிவைப் பார்க்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பழுது பதிவாகியிருந்தால் வளிக் கசிவின் மேல் ஐயம் கொள்ளலாம்; எஞ்சின் இழுக்கும் வளி சொற்பமாக இருக்கும்போதுதான் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். மாறாக, ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும்போது பதிவாகியிருந்தால், கேட்ட அளவு பெற்றோலைப் பம்பினால் கொடுக்க முடியவில்லை என்று நினைக்க இடமுண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் நேர்ந்ததா, கொள்ளுப்பிட்டியில் விளக்குச் சந்தியில் நின்றபோது நேர்ந்ததா என்ற இந்த ஒரு விபரம், மெக்கானிக்கின் அரை நாள் வேலையையும் குடும்பத்தின் அரை மாதச் சம்பளத்தையும் மிச்சப்படுத்தக் கூடும்.

அழிப்புப் பொத்தானை அமுக்கியதும் குறியெண்ணோடு இந்தப் பதிவும் அழிந்துவிடுகின்றது. அதனோடும் நிற்பதில்லை. வண்டியின் உறுப்புகளைக் கணினி சோதித்துப் பார்த்துவிட்டதா இல்லையா என்பதைக் காட்டும் சோதனைப் பட்டியல் முழுவதும் "இன்னும் முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்புகின்றது. எஞ்சினின் தேய்மானத்துக்கேற்பக் கணினி நாளடைவில் கற்றுவைத்திருந்த பெற்றோல் அளவுத் திருத்தங்களும் பெரும்பாலும் மறைகின்றன. விளக்கை அணைப்பதற்காக மருத்துவக் குறிப்பேடு முழுவதையும் கிழித்தெறிகின்றோம். வைத்தியரிடம் போகும் வழியில் இதனைச் செய்பவர் உண்டா? கராஜுக்குப் போகும் வழியிற் செய்பவர் நிரம்ப உண்டு. பற்றரிக் கம்பியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிடுவதும் பல கார்களில் இதே விளைவைத் தரும். அதனால் வானொலியின் இரகசிய எண்ணும் கண்ணாடி ஏற்றியின் ஒழுங்கும் மறந்துபோகும் தொல்லை வேறு.

ஆகவே ஸ்கானர் வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது குறியையும் உறைநிலைப் பதிவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுதல், அல்லது திரையைப் படம்பிடித்து வைத்தல். பின்னர் பழுதைத் தேடுதல். சில வேளைகளில் இத்தேடலுக்குச் செலவே இல்லை. முன்னர் கூறிய பி 0302 குறியையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இக்னிஷன் கொயில் உள்ள எஞ்சினாயின், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டபின், இரண்டாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் கொயிலை இரண்டாவதற்கும் மாற்றிப் பூட்டுக. குறியை அழித்துவிட்டு ஓடிப் பார்க்குக. இப்பொழுது பி 0303 வருமாயின் குற்றவாளி அந்தக் கொயிலே. குறி 0302 ஆகவே நின்றால் கொயில் நிரபராதி. பிளக்கையும் பெற்றோல் தெளிப்பானையும் பார்க்க வேண்டும். இவ்விடத்தில் அழிப்புப் பொத்தான் நேர்மையான வேலையைச் செய்கின்றது. சான்றை எழுதிக்கொண்ட பின்னர், ஒரு கேள்வியைக் கேட்டு அதற்கு விடை பெறுவதற்காகவே அதனை அமுக்குகின்றோம்.

பழுது திருத்தி முடிந்த பின்னும் அழிக்கலாம். பற்றரி முற்றாக இறங்கிப் புதியது போட்டபின் ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குறிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நின்றாலும், அவற்றை எழுதிக்கொண்டு ஒருமுறை அழித்துப் பார்ப்பதிற் தவறில்லை. மின்னழுத்தம் குறைந்தால் நல்ல உறுப்பும் பொய் சொல்லும். அழிக்கும்போது திறப்பை முன்னோக்கித் திருப்பி மின்சாரம் கொடுத்து, எஞ்சினை இயக்காமல் வைத்திருக்க வேண்டும். பல கார்கள் எஞ்சின் இயங்கும்போது அக்கட்டளையை ஏற்பதில்லை. ஓடும் காரில், பக்கத்து ஆசனத்திலிருந்து பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இதனோடு விளையாடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதித்தலாகாது.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

இனி, எமக்கு மிகுந்த கவலை தரும் விடயத்துக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நம் நாட்டுக் குடும்பங்கள் உள்நாட்டில் ஏற்கெனவே ஓடிய கார்களையே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கின. விலையோ வானத்தைத் தொட்டது. சீதன நகையை அடகு வைத்தும், ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்தும் வாங்கியோர் இருக்கின்றனர். அத்தகைய ஒரு குடும்பம் காரைப் பார்வையிடச் செல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் காலையிலே குறிகளை அழித்துவிட்டார். விளக்கு எரியவில்லை. வாங்குபவரோடு வந்த மெக்கானிக்கும் ஸ்கானரைச் செருகிப் பார்க்கின்றார். பழுதுக் குறி எதுவும் இல்லை என்கின்றது திரை. முற்பணம் கைமாறுகின்றது. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் விளக்கு எரிகின்றது.

கலப்பின வண்டிகளில் இந்தச் சூது மிகவும் கொடியது. பிரியஸ், அக்குவா போன்ற கார்களிற் பி 0ஏ80 என்ற குறி வருமாயின், பெரிய பற்றரித் தொகுதி நலிந்துவிட்டது, மாற்றுக என்பது பொருள். குறியை அழித்தால் எச்சரிக்கை விளக்குகள் மறைந்து, வண்டி சில நாள்களுக்கு ஒழுங்காக ஓடுவதும் உண்டு. பற்றரியின் கலங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டதும் அதே குறி திரும்பிவிடும். அதற்குள் கார் கைமாறியிருந்தால் அந்தச் செலவு புதியவர் தலையில்.

ஆனால் அழித்தவர் தம் கைரேகையையும் விட்டுச்செல்கின்றார் என்பதை விற்பவர்கள் பலர் அறியார். "குறி இல்லை" என்ற விடையோடு நின்றுவிடாமல், அதே ஸ்கானரில் வேறு இரண்டு பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்று, முன்னர் சொன்ன சோதனைப் பட்டியல். நாள்தோறும் ஓடும் காரில் ஊக்கி, ஒட்சிசன் உணரி முதலியவற்றின் சோதனைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். யாவும் "முடியவில்லை" என்றிருந்தால் அண்மையிற் குறி அழிக்கப்பட்டது, அல்லது பற்றரி கழற்றப்பட்டது என்று அறியலாம். மற்றது, "குறி அழித்தபின் ஓடிய தூரம்" என்ற பதிவு. எல்லாக் கார்களும் இதனைச் சொல்வதில்லை. சொல்லுமாயின் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. "ஒரு வருடமாக ஒரு பழுதும் இல்லை" என்று விற்பவர் சத்தியம் செய்துகொண்டிருக்க, அழித்தபின் ஓடிய தூரம் 6 கிலோமீற்றர் என்று திரை காட்டினால், யாரை நம்புவது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். புதுப் பற்றரி போட்டதாக அவர் கூறின், அது உண்மையாகவும் இருக்கலாம். பற்றுச்சீட்டைக் கேட்பதில் வெட்கமில்லை. வண்டியை இரண்டு மூன்று நாள் வழமைபோல ஓட்டச் சொல்லிவிட்டு மீண்டும் வந்து பார்ப்பதாகக் கூறுவது அதனினும் நன்று. நேர்மையான சொந்தக்காரர் இதற்கு மறுக்கமாட்டார்.

ஸ்கானரே இல்லாதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. திறப்பைத் திருப்பி மின்சாரம் மட்டும் கொடுங்கள், எஞ்சினை இயக்காதீர்கள். பொத்தானால் இயக்கும் வண்டியாயின் பிரேக்கை மிதிக்காமல் இருமுறை அமுக்கினால் பெரும்பாலும் இந்நிலைக்கு வரும். அப்பொழுது எஞ்சின் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். எரியாவிட்டால் விளக்கு அகற்றப்பட்டிருக்கலாம் அல்லது மறைக்கப்பட்டிருக்கலாம். காற்றுப்பை விளக்கும் பிரேக் விளக்கும் இவ்வாறே எரிந்து பின்னர் அணைய வேண்டும். மலிவான ஸ்கானர்கள் காற்றுப்பையின் கணினியோடு பேசுவதில்லையாதலால், இந்தச் சோதனை இன்னும் அவசியமாகின்றது. விபத்திற் சிக்கிய வண்டியில் காற்றுப்பை இல்லை என்பதை விபத்தின்போதுதானா அறிவது?

கலிபோர்னியா இந்தச் சூதுக்கு ஒரு மருந்து கண்டிருக்கின்றது. 2010 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அங்கு அறிமுகமான நிரந்தரக் குறி என்பது ஸ்கானருக்கும் அடங்காது. பற்றரியைக் கழற்றினாலும் அழியாது. பழுது நீங்கியதைக் கணினி தானே சோதித்து உறுதிசெய்த பின்னரே அக்குறி நீங்கும். 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தின் புகைப் பரிசோதனையில் இந்த நிரந்தரக் குறியும் பார்க்கப்படுகின்றது. இலங்கையில் 2008 முதல் நடைபெறும் புகைப் பரிசோதனையோ குழாயினின்று வெளிவரும் புகையை அளந்து பார்ப்பது. கணினியின் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் வாங்குவோருக்கும் நகரத்துக் காற்றுக்கும் நன்மையாகும் என்பது எமது அபிப்பிராயம். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களில் நிரந்தரக் குறியை எதிர்பார்த்தல் ஆகாது. எனவே இப்போதைக்கு வாங்குபவரின் விழிப்பே அவருக்குக் காவல்.

இறுதியாக, பழுதைத் திருத்திக் குறியை நேர்மையாக அழித்தவர் அதன்பின் செய்யவேண்டியது. கணினி தன் சோதனைகளை மீண்டும் நடத்தி முடிக்க வண்டியை ஒரு வகையாக ஓட்டவேண்டும். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் இயக்கி, சில நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பின்னர் சீரான வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடமாவது செல்லவேண்டும். இடையிடையே மிதியிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறையவிடுதலும் வேண்டும். காலி வீதியின் காலை நெரிசலில் இது கைகூடாது. தெற்கு அதிவேக வீதியிலோ, ஏ 9 வீதியில் வாகனம் குறைந்த வேளையிலோ கைகூடும். பெற்றோல் ஆவி கசிகின்றதா என்று சோதிக்கும் வசதியுள்ள கார்களில், தாங்கி நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் அச்சோதனை தொடங்காது. ஏறக்குறைய அரைவாசி இருக்கவேண்டும். ஆகவே அன்று காலையில் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்படாதீர்கள். திரும்பி வந்ததும் ஸ்கானரைச் செருகிப் பட்டியலைப் பாருங்கள். சோதனைகள் யாவும் முடிந்து, குறியும் வராதிருந்தால், கொப்பியில் அந்தப் பக்கத்தின் அடியில் திகதியையும் கிலோமீற்றர் கணக்கையும் குறித்துக்கொள்ளலாம்.